பழைய கடைவரிசையும் புதிய வளாகமும்: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் வட பேராக்கில், ரயில் பாதைக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து இம்முறை பல மடல்கள் வந்துள்ளன. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவரிசை ஒன்றை இடித்துவிட்டு அங்கே நான்கு மாடி வணிக வளாகம் எழுப்ப ஒரு நிறுவனம் முன்வந்திருப்பதே எல்லா மடல்களுக்கும் காரணம். பங்காளிகளுக்குள் பேச்சு இன்னும் முடியவில்லை என்பதால் ஊர்ப்பெயரையும் தங்கள் பெயர்களையும் வெளியிட வேண்டா என்று எழுதியோர் கேட்டுக்கொண்டுள்ளனர். அவ்வாறே செய்திருக்கிறோம்.

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்கள் தாத்தா துணிக்கடை நடத்திய மாடிக் கட்டடத்தில்தான் இன்றும் நாங்கள் தொழில் செய்கிறோம். வரிசையில் ஆறு கடைகள். எங்களுடையது நடுவில் உள்ளது. நான்கு பேர் விற்கச் சம்மதித்துவிட்டனர். நாங்கள் விற்காமல் இருந்தால் எங்கள் கட்டடம் மட்டும் தனியாக நிற்குமா? இதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கும்படி அரசாங்கத்தைக் கேட்கலாமா? — துணி வணிகர்

பதில்: கட்டடத்தைப் பற்றி முதலில் பேசுவோம் ஐயா, சட்டம் மெதுவாக வரும், மழை காத்திருக்காது.

கீழே கடையும் மேலே வீடுமான இத்தகைய கடைவீடுகளில் மாடித் தளத்தையும் கூரையையும் தாங்குவது இரண்டு கடைகளுக்கும் பொதுவான நடுச்சுவர்தான். உங்கள் உத்தரங்களின் முனைகளும் பக்கத்துக் கடையின் உத்தர முனைகளும் அந்த ஒரே சுவரில் இருபுறமிருந்தும் செருகப்பட்டிருக்கும். பக்கத்துக் கடையை இடிக்கும்போது உத்தரங்களைப் பிடுங்கிய இடங்களில் வரிசையாகப் பொந்துகள் விழும். அதைவிடப் பெரிய கேடு என்னவென்றால், கட்டிய நாள்முதல் மழையையே பார்த்திராத ஒரு சுவர் ஒரே நாளில் வெளிச்சுவராகிவிடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் மேற்பூச்சு இல்லாமல் சாரலில் நின்றால் அதன் இணைப்புகள் கரையத் தொடங்கும், ஈரம் உத்தர முனைகளை எட்டும், பிறகு கரையானுக்கு அழைப்பு வேண்டியதில்லை. ஆகவே விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்பே, ஒரு கட்டடப் பொறியாளரை வைத்து உங்கள் சுவர்களில் இப்போதுள்ள ஒவ்வொரு விரிசலையும் தேதியிட்ட படங்களோடு பதிவு செய்துகொள்ளுங்கள். இடிப்புக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. அந்த அனுமதியோடு நடுச்சுவருக்கு முட்டுக் கொடுப்பது, வெளிப்பட்ட பக்கத்தைத் தகரத்தால் மூடுவது, கூரை விளிம்பில் மழைநீர் வடியும் பீலி அமைப்பது ஆகியவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். முறையாகச் செய்தால் உங்கள் கடை நிற்கும். வாய்ப்பேச்சில் விட்டால் ஈராண்டு மழைக்குப் பின் நீங்களே விற்க முன்வருவீர்கள். அதைத் தெரிந்தே காத்திருக்கும் வாங்குவோரும் உண்டு.

இனிச் சட்டம். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி பாரம்பரிய ஆணையர் ஒரு கட்டடத்தைப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கலாம். யாரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் மாநில அரசின் ஒப்புதலைப் பெறாமல் ஆணையர் அறிவிக்க இயலாது. நில உரிமையாளருக்கும் முன்னறிவிப்புத் தந்து அவருடைய மறுப்பைக் கேட்க வேண்டும். உங்கள் வரிசையில் நான்கு உரிமையாளர்கள் விற்கும் மனத்தோடு இருக்கையில் அந்த மறுப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் இருப்பதாலேயே கட்டடம் தப்பிவிடாது என்பதற்குக் கோலாலம்பூர் அம்பாங் சாலையில் 1929-இல் கட்டப்பட்ட போக் மாளிகை சான்று: சட்டம் நடப்புக்கு வந்த அதே 2006-இன் டிசம்பரில் அது இடிக்கப்பட்டது. மாறாக, பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் 1904-ஆம் ஆண்டுக் கட்டடம், 2014-இல் அதன் வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் தெரியவந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்ததால், பின்னர் இதே சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். கேட்ட ஆட்களின் எண்ணிக்கையும் கேட்ட நேரமும் வேறு.

உங்களுக்கு அதைவிடக் கைக்கெட்டிய கருவி ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, கட்டடக்கலைச் சிறப்போ வரலாற்றுச் சிறப்போ உடைய கட்டடத்தை மாற்றுவதற்கோ இடிப்பதற்கோ அனுமதி தரும்போது அதன் முகப்பையும் வெளித்தோற்றத்தையும் காக்கும்படி உள்ளூராட்சி மன்றம் நிபந்தனை விதிக்கலாம். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முகப்பை மட்டும் நிறுத்திவைத்து, பின்னால் நான்கு மாடி எழுப்பும் வழக்கம் இந்நாட்டில் பெருகிவருகிறது. அது கடைவீடு ஆகாது, படம் எடுப்பதற்கான திரை. நீங்கள் கேட்க வேண்டியது முகப்பிலிருந்து நடு முற்றம் வரையுள்ள முன்பகுதி முழுவதும், கடைமுன் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையோடு, மரத்தளத்தோடு, கூரையோடு. பின்கட்டு பெரும்பாலும் பிற்காலத்தில் ஒட்டவைத்த சமையற்கட்டும் தகரக் கொட்டகையும்தான். அதை விட்டுக்கொடுங்கள், பின்சந்தில் அவர்கள் உயர்த்திக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முதலில் செய்ய வேண்டியது. கட்டடத்தில் எட்டுப் பேருக்குப் பங்கு என்றும், கிராண்ட் என்று நாம் சொல்லும் நிலப்பட்டா இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது என்றும் எழுதியுள்ளீர்கள். அப்படியானால் நில அலுவலகமும் மன்றமும் அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பும் மறைந்துபோன ஒருவரின் பெயருக்கே வந்துகொண்டிருக்கும். வாரிசுப் பகிர்வை முடித்துப் பட்டாவில் பெயர் ஏறாதவரை, கட்டடத்தைக் காப்பது குறித்து நீங்கள் எழுதும் எந்த மடலுக்கும் அலுவலகத்தில் எடை இராது.

கேள்வி: எனக்கு வயது 27. ஈப்போவில் வேலை. ஊரில் வேலை இல்லாததால்தான் வெளியே போனேன். வளாகம் வந்தால் கடைகளும் வேலையும் வரும். பழைய கட்டடம், பழைய கட்டடம் என்று பேசுபவர்கள் யாரும் அந்த மாடியில் குடியிருப்பவர்கள் அல்லர். இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நான் சொன்னால் தவறா? — இளைஞர்

பதில்: பாதி சரி, தம்பி.

அந்தக் கடைவரிசைகள் இத்தனை காலம் நின்றதற்கு நம் முன்னோரின் பாசம் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்த முடியாதபடி கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே அவற்றைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தது. குடியிருப்பவரை எழுப்ப முடியாது, வாடகையை ஏற்ற முடியாது, ஆகவே இடித்துக் கட்டுவதில் இலாபமில்லை. அதே காரணத்தால் கூரை ஓடுகளை மாற்றவும் மனம் வரவில்லை. அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் வந்து, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக விலகியது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தலைமுறைகளாகக் குடியிருந்த சிறு வணிகர் பலர் அதன்பின் வெளியேறினர். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் கட்டடங்கள் மிளிர்ந்தன, வாடகையும் மிளிர்ந்தது. கட்டடம் தப்பி, கட்டடத்துக்குள் இருந்த வாழ்க்கை தப்பாத கதை அது. உங்கள் எரிச்சலில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் உங்கள் ஊருக்குச் சுற்றுலாப் பேருந்து வரப்போவதில்லை. அதனால் ஜார்ஜ்டவுனின் நோயும் வராது, அதன் மருந்தும் பலிக்காது. உங்கள் ஊரில் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. கோலாலம்பூரில் பழைய கட்டடத்தை இடிப்பவர் நிலம் கிடைக்கவில்லை என்கிறார். அதை ஓரளவு ஏற்கலாம். நான்கு புறமும் செம்பனை நிற்கும் ஒரு பட்டணத்தில், ஊரின் ஒரே பழைய வரிசை நிற்கும் துண்டு நிலத்தை விட்டால் இடமே இல்லை என்ற வாதம் எப்படி எடுபடும்? பட்டணத்துக்குள்ளேயே மூடிக்கிடக்கும் ரப்பர் ஆலை நிலம் இருப்பதாக இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். அங்கே கட்டினால் சரக்கு லாரி நிற்கவும் இடம் இருக்கும். நிறுவனம் கடைவீதியை விரும்புவதற்குக் காரணம் மிக எளியது: அங்கே நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற வேண்டியதில்லை. தோட்ட நிலம் என்றால் நடைமுறை நீளும்; 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டமானால் அதைக் கைமாற்றவோ துண்டாடவோ தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் அலைச்சலைக் குறைப்பதற்கு ஊர் தன் கடைவீதியைக் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

வேலை குறித்து. அந்த வரிசையின் மாடிகள் இன்று எப்படி இருக்கின்றன என்று ஒரு மாலையில் நின்று பாருங்கள். சில சன்னல்களில் செங்கல் அடைத்து, ஒரு சிறு பொந்து மட்டும் விட்டு, உள்ளிருந்து ஒலிபெருக்கியில் பறவைக் குரல் எழுப்பிக்கொண்டிருப்பார்கள். உண்ணத்தக்க கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்க்கும் அந்தத் தொழில் ஒருவருக்கும் நிலையான வேலை தருவதில்லை. ஈரத்தையும் எச்சத்தையும் மரத்தளத்தில் இறக்கிக் கட்டடத்தை உள்ளிருந்தே அழிக்கிறது. அந்த மாடிகளில் துணை வகுப்பு நிலையம், பல் மருத்துவர், கணக்காய்வாளர், தையற்பள்ளி என்று எதையாவது கொண்டுவருவதற்கு மன்றம் மதிப்பீட்டு வரியில் சலுகை தந்தாலே பாதி வரிசை விழித்துக்கொள்ளும். பல் மருத்துவர் வந்து அமர்ந்த மாடியை இடிக்க உரிமையாளரே யோசிப்பார். எத்தனை விளக்கப் பலகை நட்டாலும் பூட்டிக்கிடக்கும் மாடியை யாராலும் காக்க முடியாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கடைவரிசையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதே நிறுவனம் பின்னால் உள்ள தோட்டப் பகுதியையும் வாங்கப்போவதாகச் சொல்கிறார்கள். அங்கே பழைய மரப் பள்ளிக்கூடமும் தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளான இரண்டு லயங்களும் இருக்கின்றன. அவை பாரம்பரியம் ஆகாவா? — ஆசிரியை

பதில்: ஆகும், அம்மா. ஆனால் அப்படி எண்ணுவதற்கு இந்நாடு பழகவில்லை, நாமும் பழகவில்லை.

பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லி மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் முடிக்கப்படாமல் நின்றுபோன அந்தப் பாழ்மாளிகையைப் பணம் கொடுத்துப் பார்க்கிறோம். அதைக் கட்டத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொற்றுநோயில் பலர் மாண்டார்கள். அவர்கள் வேண்டிக்கொண்டபடி துரை கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் இன்றும் அருகில் இருக்கிறது, அதன் மேற்கூரைச் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்போடு துரையும் நிற்கிறார். அந்த ஆட்கள் உறங்கிய லயங்களைக் காட்டச் சொன்னால் காட்ட ஒன்றும் இல்லை. கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் ஒன்று ரப்பர் மரமாக வேலி கட்டிப் போற்றப்படுகிறது. மரம் போற்றத்தக்கதுதான், பால் வெட்டியவரின் வீட்டுக்கு வேலி இல்லை.

இருந்தும் லயங்கள் அனைத்தையும் காக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டுக்கு எட்டு அறையில் ஒரு குடும்பத்தை அடைத்த கட்டடம் அது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது இடிந்தால் நிம்மதி என்று நினைக்க முழு உரிமை உண்டு. இரண்டு லயங்களில் ஒன்றை, அதுவும் உறுதியாக இருப்பதை மட்டும், பள்ளிக்கூடத்தோடு சேர்த்து ஒரே வளாகமாகக் கேளுங்கள். வீட்டுமனைத் திட்டம் எதுவானாலும் பொது மண்டபத்துக்கும் திறந்தவெளிக்கும் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். அந்த ஒதுக்கீடு இந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி விழும்படி செய்தால், நிறுவனத்துக்கு ஒரு வீட்டுமனையும் குறையாது. மரப்பள்ளி பாலர் பள்ளியாகவோ நூலகமாகவோ உயிரோடு இருக்கும்.

அதைக் கேட்கும் நேரம் எது என்பதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்புத் தந்து 21 நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்க வாய்ப்பளிக்கச் சொல்கிறது. கூர்ந்து படியுங்கள்: பட்டாவில் பதிவான உரிமையாளருக்கு, அதுவும் அந்த வட்டாரத்துக்கு, எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இன்னும் இல்லாத இடத்தில். மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்தும் பட்டா இல்லாதவருக்கு அஞ்சல் வராது. உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ள இடத்தில் பட்டா உள்ளவருக்குமே வராது. ஏனெனில் அத்திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட சில வாரங்களில் எல்லாரும் பேசி முடித்துவிட்டதாகக் கொள்ளப்படும். அந்த வாரங்களில் மன்றத்துக்குப் போய் வரைபடத்தை விரித்துப் பார்த்தவர் உங்கள் ஊரில் யார்? அடுத்த திருத்தத்தின்போதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து போய், பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு வட்டம் போட்டு எழுத்தில் தரட்டும்.

பட்டா இல்லாத உணர்வுக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பதைப் பினாங்கின் கம்போங் புவா பாலா 2009-இல் காட்டியது. தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த அந்தத் தமிழர் குடியிருப்பு வழக்கில் நிலைக்கவில்லை, இடிக்கப்பட்டது. இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர் அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளரின் சிறு பங்குகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கட்டடங்களைப் பற்றி மேடையில் பேசி நேரத்தைக் கழிக்காமல் நிலத்தையே வாங்கினார்.

நீங்கள் ஆசிரியை என்பதால் உங்களிடம் ஒரு வேலையையும் ஒப்படைக்கிறேன். மரப்பள்ளியையும் லயத்தையும் அளவுநாடா பிடித்து அளந்து, ஒரு தாளில் வரைந்து, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, ரப்பர்ப் பால் கொட்டகை, ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைவீடு, கிராணி என்னும் தோட்ட எழுத்தரின் வீடு எவை எங்கே இருந்தன என்று அங்கே வாழ்ந்த முதியோரைக் கேட்டுக் குறித்துவையுங்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் யாருடைய அலமாரியிலாவது இருக்கும். அவற்றைப் படி எடுங்கள். ஈப்போவுக்கு அருகே பாப்பான் என்ற பாழடைந்த ஈயச் சுரங்க ஊரில் 74-ஆம் எண் கடைவீடு இன்றும் நினைவில்லமாக இருப்பது அதன் கட்டடக்கலையால் அன்று. ஜப்பானியர் காலத்தில் எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவம் செய்து சித்திரவதைக்கு ஆளான சிபில் கார்த்திகேசு அங்கே மருந்தகம் நடத்தினார் என்பது எழுத்தில் இருந்ததால். பள்ளிக்கூடத்துக்காக மன்றத்தில் பேசப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியதும் அத்தகைய தாள்களே.

கேள்வி: எங்கள் தோட்ட மாரியம்மன் கோயில் மரத்தாலும் தகரத்தாலும் ஆனது. அடுத்த குடமுழுக்குக்குள் முழுவதையும் இடித்துக் கான்கிரீட்டில் கோபுரத்தோடு கட்ட எண்ணுகிறோம். பாரம்பரியம் பேசும் சிலர் தடுக்கிறார்கள். — கோயில் பொருளாளர்

பதில்: நிலம் யார் பெயரில் இருக்கிறது? இதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் ஒரு மூட்டை சிமெண்டும் வாங்காதீர்கள். கோபுரம் எழுந்தபின் நிலத் தகராறு வந்தால் இழப்பு பல மடங்கு. நிலம் உறுதியானால், பாலாலயம் செய்து கருவறையைப் புதுப்பிப்பதை ஆகமமே ஏற்கிறது. யாரும் தடுக்கத் தேவையில்லை. ஆனால் முன்மண்டபத்தின் மரத்தூண்களையும் தகரக் கூரையையும் இடிக்கச் சொல்லி எந்த ஆகமமும் கூறவில்லை. நன்கொடையாளர் பெயர் பதித்த வழவழப்பான தரைக்கல் மீது நமக்கு உள்ள ஆசைதான் அதைச் சொல்கிறது. பழைய மண்டபத்தை அன்னதானக் கூடமாக வைத்துக்கொண்டு, புதிய கருவறையை அதன் பின்னால் கட்ட முடியுமா என்று ஸ்தபதியிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கடையின் கீழ்ச்சுவரில் ஓராள் இடுப்பளவுக்குப் பூச்சு உதிர்கிறது. ஒவ்வோராண்டும் சிமெண்டு பூசியும் நிற்கவில்லை. இடிப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். — மளிகைக்கடைக்காரர்

பதில்: சுவர் கெடவில்லை, சிமெண்டுதான் அதைக் கெடுக்கிறது. அக்காலச் சுவர்களில் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இராது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பைச் செங்கல்லுக்குள் படியவைத்து, செங்கல்லையே பொடியாக்குகிறது. உதிரும் உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்துச் சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுங்கள். சில மாதம் சுவரை வெறுமையாக விட்டு உலரவையுங்கள். மேலே பூக்கும் வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளிவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டா. பின்னர் நன்றாகப் புளித்த சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்த பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை மட்டும். பளபளக்கும் நெகிழிச் சாயம் பூசினால் மீண்டும் பழைய கதைதான். ஐந்தடிப் பாதையின் தரையைச் சிமெண்டால் உயர்த்தியிருந்தால் அதையும் பழைய மட்டத்துக்கு இறக்கி, மழைநீர் சாக்கடைக்குச் சரியும்படி வாட்டம் வையுங்கள்.